எலுமிச்சம்பழத்தால் கழுவிய பம்ப்

திருச்சி விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய இரும்புத் துண்டுகள். சுங்க அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றை எடுத்து மோந்தும் பார்த்தார். படகு எஞ்சினின் டீசல் பம்ப், பழுது பார்க்கக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். "டீசல் பம்பா? வாசமே இல்லையே. புதுப் பாத்திரம் மாதிரி வச்சிருக்கீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பயணத்தில் நான் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் இலங்கையின் வடக்கே ஒரு சிறு தீவைச் சேர்ந்தவன். தபாலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். எஞ்சினுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. படகு என் தம்பி குமரனுடையது. கப்பல்களின் எஞ்சின் அறையில் பத்து வருடம் வெந்துவிட்டு ஊருக்கு வந்து, தீவுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்க அதைக் கட்டினான். எங்கள் படகுச் சங்கத்தில் முறை வைத்துத்தான் ஓட்டம். ஒரு மாதம் தொடர்ந்து தன் முறைக்கு வராத படகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். காத்திருக்கும் அடுத்த படகுக்கு அந்த இடம் போய்விடும். திரும்பக் கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் திருச்சியில் இறங்கியபோது குமரனின் எஞ்சின் நின்று பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பம்பில்தான் கோளாறு என்று அவன் கண்டுபிடித்திருந்தான். அது பழைய மாதிரிப் பம்ப். எங்கள் பக்கத்தில் அதைச் சோதிக்கும் வசதி இல்லை. துவாக்குடிப் பக்கம் பன்னீர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் கைக்குப் போனால் சரியாகிவிடும் என்று மீன் ஏற்றும் லொறிக்காரர்கள் சொன்னார்கள். தம்பியின் கடவுச்சீட்டு காலாவதியாகி இருந்தது. என்னுடையது இருந்தது. "அண்ணை, டீசலை வடிச்சு ஓட்டையெல்லாம் அடைச்சு வைச்சிருக்கிறன். அப்பிடியே கொண்டு போங்கோ. ஒண்டையும் திறக்காதேங்கோ" என்றான்.

நான் திறந்தேன். விமானத்தில் எரிபொருள் வாசம் வந்தால் சாமானை இறக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நானோ சாப்பிடும் முன் கரண்டியைக்கூட இரண்டு தடவை கழுவுகிறவன். புறப்படுவதற்கு முந்தின பகல், தம்பி துறைக்குப் போன நேரம் பார்த்து, கைபேசியில் காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பம்பைக் கழற்றி ஒரு பேசினில் போட்டேன். வெந்நீர், சவர்க்காரம். அப்போதும் வாசம் போகவில்லை. மீன் வெட்டிய கைக்கு எங்கள் ஊரில் என்ன செய்வோம்? எலுமிச்சம்பழம் தேய்ப்போம். ஏழு பழம் செலவாயிற்று. ஒவ்வொரு துண்டும் வெள்ளி போல மின்னியது. வெயிலில் உலர்த்தி, குச்சி போன்ற நாலு துண்டுகளை ஒரு துணியிலும், குழாய் போன்ற நாலு துண்டுகளை இன்னொரு துணியிலும் கட்டினேன். தம்பியிடம் சொல்லவில்லை. சரியாகி வந்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தேன். வீட்டுக்காரர் வரதன் என்ற பெரியவர், நெற்றி நிறையத் திருமண். பையை வைத்த கையோடு, "பெருமாளைச் சேவிச்சேளா?" என்று கேட்டார். முதலில் ஒரு பம்பைப் பார்க்க வேண்டும் என்றேன். "அதுவும் அவன் திருவுள்ளம்தான்" என்றார். காலையில் வாசல் கடையில் பொங்கலும் காப்பியும். எங்கள் ஊரில் தேநீர் ஒரு பெரிய கோப்பை, சீனியைத் தனியே கையில் வைத்துக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் குடிப்போம். இங்கே ஒரு விரல் உயர டம்ளரில் நாலு மடக்கு. குடித்து முடிக்கும் முன் அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டியிருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து துவாக்குடிக்கு இன்னொன்று. காவிரிப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. கீழே மணல்தான் கூடுதலாகத் தெரிந்தது, தண்ணீர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பஸ்ஸில் கண்டக்டர் என் பையைக் காலால் தள்ளிப் பார்த்து, "என்ன சார், அம்மிக்கல்லா? படியில வைக்காதீங்க" என்றார். மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். திருவெறும்பூர் தாண்டும்போது தொடை மரத்துவிட்டது. பெரிய தொழிற்சாலைக்காரர்கள் அடையாள அட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை இரும்பு தெரிந்த ஊரில் நம் பம்ப் எம்மாத்திரம் என்று மனதுக்குள் தெம்பாக இருந்தது.

பன்னீரின் பட்டறை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரையின் கீழ். ஐம்பது வயது இருக்கும். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீத்தழும்பு. பட்டறை முழுக்கக் கறுப்பு, ஒரு மூலை மட்டும் கண்ணாடித் தடுப்புக்குள் ஆஸ்பத்திரி போல இருந்தது. அங்கேதான் சோதிக்கும் மேடை. இருக்கச் சொல்லி டீ வரவழைத்தார். பிறகு என் பொட்டலங்களைப் பிரித்தார்.

நாலு குச்சிகளைப் பார்த்தார். நாலு குழாய்களைப் பார்த்தார்.

"இதை யாரு சார் கழட்டினது?"

"ஊரில் ஒரு மெக்கானிக்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மெக்கானிக்கா இருக்காது. மெக்கானிக் கொண்டாந்தா அழுக்கா வரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு குச்சியை எடுத்து டீசலில் தோய்த்து, ஒரு குழாயில் நுழைத்து, நிமிர்த்திப் பிடித்தார். குச்சி டக்கென்று கீழே விழுந்தது.

"பெட்ரோல் வண்டிக்குப் பிளக் இருக்கு, நெருப்பு வைக்கும். டீசலுக்கு அது கிடையாது. வெறும் காத்தை அமுக்குது, அமுக்குற அமுக்குல காத்து கொதிக்குது. சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடி சுடும்ல, அதுதான். அந்தச் சூட்டுல டீசலைப் புகை மாதிரிப் பீச்சினா தானாப் பத்திக்கும். ஆனா அந்த அமுக்கத்தை எதுத்துப் பீச்சணும். ஒரு சொட்டுதான், அதுக்கு அவ்வளவு வேகம் வேணும். அந்த வேகத்தைக் குடுக்குறது இந்தக் குச்சியும் குழாயும். நாங்க எலிமென்ட்டுன்னு சொல்லுவோம்."

குச்சியை மறுபடி உயர்த்திக் காட்டினார். "இதுல ரப்பர் இருக்கா? ரிங் இருக்கா? ஒண்ணும் இல்ல. இதுக்கும் அதுக்கும் நடுவுல முடி போகாது. அப்படித் தேய்ச்சு ஜோடி சேத்து அனுப்புவாங்க. ஒரு குச்சிக்கு ஒரு குழாய்தான். இந்தக் குச்சி அடுத்த குழாய்க்குப் போனா சரிப்படாது. நீங்க நாலையும் பிரிச்சு, ஆம்பளை ஒரு மூட்டை, பொம்பளை ஒரு மூட்டைன்னு கட்டிக் கொண்டாந்துட்டீங்க."

தபாலகத்தில் நான் அப்படித்தான் பிரிப்பேன். கடிதம் ஒரு பக்கம், பொட்டலம் ஒரு பக்கம். முப்பது வருடப் பழக்கம்.

கோளாறு எங்கே இருந்தது என்று கேட்டேன். மிச்சத் துண்டுகளைக் கிளறி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுருள் கம்பியை எடுத்தார். இரண்டாக உடைந்திருந்தது. "இதுதான். மேல இருக்குற மூடியை மட்டும் திறந்து மாத்தியிருக்கலாம். பம்பை எஞ்சினை விட்டு இறக்கவே வேண்டியதில்ல" என்றார். அன்று மாலை ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வந்த வழி எனக்கு ஞாபகம் இல்லை. தம்பி அழைத்தபோது, "குடுத்திருக்கிறன், பார்க்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போனபோது பன்னீர் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தார். ஒரு தட்டில் வடிகட்டிய டீசல். ஒவ்வொரு குச்சியையும் ஒவ்வொரு குழாயிலும் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான ஜோடியானால் குச்சி தன் பாரத்திலேயே மெதுவாக, வழுக்கிக்கொண்டு இறங்குமாம். ஜோடி இல்லையென்றால் விழும், அல்லது நடுவில் நிற்கும். காலை முழுக்க அவர் அதைச் செய்தார். நடுவில் ஒரு பஸ் கம்பெனிக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். பன்னீர் தலை நிமிரவில்லை. பன்னிரண்டு மணிக்கு நாலு ஜோடியும் சேர்ந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் பத்து நாள் இருக்கிறது, இரண்டு நாளில் ஊர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து மெஸ்ஸில் இரண்டு பேருக்கும் சாப்பாடு நான்தான் வாங்கினேன்.

சாப்பிடும்போது தழும்பைப் பற்றிக் கேட்டேன். ஒரு லாரி எஞ்சின், வேலை முடித்து ஓடவிட்டபோது டர்போவின் சீல் போய், எஞ்சின் தன் ஆயிலையே குடித்து எரிக்க ஆரம்பித்துவிட்டதாம். சாவியைத் திருப்பி அணைத்தார்கள், டீசலை நிறுத்தினார்கள். நிற்கவில்லை. வேகம் ஏறிக்கொண்டே போனது. "அணைக்கிறதுக்கு டீசல் என்ன விளக்கா? அதுக்குக் காத்தும் எரியறதுக்கு ஏதோ ஒண்ணும் இருந்தாப் போதும். எல்லாரும் ஓடிட்டாங்க. நான் ஈரச் சாக்கை எடுத்து, காத்து இழுக்குற வாயில திணிச்சேன். மூச்சு முட்டி நின்னுது. நிக்கிறதுக்குள்ள சுடு ஆயில் கையில அடிச்சிருச்சு" என்றார். நீங்களும் ஓடியிருக்கலாமே என்றேன். "ஓடியிருக்கலாம். வண்டிக்காரன் அங்கயே நின்னான், அவனோட வண்டி" என்று சொல்லி மோர் ஊற்றிக்கொண்டார்.

பிற்பகலில் பம்பைக் கோத்துச் சோதனை மேடையில் ஏற்றினார். நாலு கண்ணாடிக் குழாய்களில் டீசல் சமமாக ஏற வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் ஏறின. இரண்டாவது பாதியில் நின்றது. நாலாவது அடியிலேயே கிடந்தது. மறுபடி, மறுபடி. பிறகு அந்த இரண்டையும் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மின்னும் உலோகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள்.

"எதுல சார் கழுவுனீங்க?"

சொன்னேன்.

"எலுமிச்சம்பழமா?" அவர் சிரிக்கவில்லை. "டீசல்தான் சார் இதுக்கு எண்ணெய். வேற எண்ணெய் கிடையாது. அதைச் சுத்தமாத் தொடச்சிட்டு, மேல புளிப்பைப் போட்டிருக்கீங்க. தின்னுருச்சு."

புது எலிமென்ட் கிடைக்குமா என்று அவர் என் எதிரிலேயே ஆறேழு இடங்களுக்குப் பேசினார். அந்த மாதிரி இப்போது வருவதில்லை. சொல்லிச் செய்யலாம், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது பத்து நாள்.

அன்று வரதன் மாமா கோயிலுக்குக் கூட்டிப்போனார். கூட்டத்தில் நின்று சேவித்தேன். திரும்பி வரும்போது விஷயத்தைக் கேட்டு, "எம்பெருமான் சங்கல்பம் இல்லாம ஒரு துரும்பு அசையாது. மனசைப் போட்டு அலட்டிக்காதேள்" என்றார். நல்ல மனிதர். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. ஏழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தது நான், பெருமாள் இல்லை. அன்று சாப்பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தார்கள். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் பன்னீரே என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு திருவெள்ளறைக்குப் போனார். அங்கே நடேசன் என்ற விவசாயியிடம் இதே மாதிரி எஞ்சின் ஒன்று இருக்கிறது, கரண்ட் மோட்டார் வந்த பிறகு அது சும்மா கிடக்கும், அதன் பம்பிலிருந்து இரண்டு ஜோடி எடுக்கலாம் என்பது திட்டம். வழியெல்லாம் வாழையும் நெல்லும். பாதி வழியில் பைக் பஞ்சர். வெயிலில் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம். எனக்கு அலுப்பே தெரியவில்லை. கிணற்றடிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஓர் எஞ்சினை நினைத்துக்கொண்டே நடந்தேன். ஓர் எஞ்சின் செத்துக் கிடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அன்றுதான்.

கொட்டகைக்கு நூறு அடி முன்னாலேயே சத்தம் கேட்டது. பன்னீர் பைக்கை நிறுத்திக் காதைக் கொடுத்தார்.

நடேசன் வரப்பிலிருந்து வந்து, "வாங்க வாங்க, என்ன இந்தப் பக்கம்?" என்றார். "மோட்டார் காயில் எரிஞ்சுருச்சுங்க. கட்டக் குடுத்து எட்டு நாளாச்சு. கதிர் வர்ற நேரம். இவன்தான் இப்பக் காப்பாத்துறான்" என்று எஞ்சினைக் காட்டினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பன்னீர் எஞ்சினருகே குனிந்து, பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புகையைப் பார்த்தார். "நல்லா ஓடுது. ஆயில் மட்டும் மாத்திருங்க" என்றார்.

பம்பை அவர் கேட்கவே இல்லை. நான் அவர் சட்டையை இழுத்தேன். தள்ளிக் கூட்டிப்போய், "கேட்டுப் பாருங்கள், தம்பியின் பிழைப்பு" என்றேன்.

"அதுவும் பிழைப்புதானே அண்ணே. ஓடுற எஞ்சினை நிறுத்திட்டு, அதுக்குள்ள இருக்குறதை எடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

நடேசன் வீட்டில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடிக்கும்போது அந்த மனிதரை மனதுக்குள் சபித்தேன். அவர் என் தீவில் மழை எப்படி என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பம்பைத் திரும்ப வாங்கப் போனேன். பன்னீர் அந்த உடைந்த சுருளை மாற்றி, எல்லாவற்றையும் டீசலில் நனைத்து, பழையபடி முழுப் பம்பாகக் கோத்து வைத்திருந்தார். ஓடாத பம்ப். அப்போது பார்த்துத் தம்பி அழைத்தான். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"அண்ணை, என்னவாம்?"

"சரிவராதாம் தம்பி."

"ஏன் சரிவராது? சின்னப் பிழைதானே? எலிமென்ட் நாலும் நல்லா இருந்தது. நான் பார்த்துத்தானே அனுப்பினனான்?"

"அது… சோடி கலந்துபோச்சாம்."

"கலந்துபோச்சோ? நான் பூட்டித்தானே தந்தனான். ஆர் அண்ணை கலந்தது?"

அறுபத்தொரு வயது. தம்பிக்கு முன்னால் இதுவரை ஒன்றுக்கும் தலைகுனிந்து நின்றதில்லை. "அண்ணை, ஆர் கலந்தது எண்டு கேக்கிறன்" என்று அவன் மறுபடி கேட்டான். பன்னீர் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, நான் பன்னீர் பேசறேன். நம்ம பட்டறையிலதாங்க கலந்துபோச்சு. கழுவ வச்ச இடத்துல. தப்புதாங்க."

என் தம்பி ஏசத் தொடங்கினான். அவன் அப்படி ஏசி நான் கேட்டதில்லை. பத்து வருட உழைப்பைச் சொன்னான், படகைச் சொன்னான், அழுதான், மறுபடி ஏசினான். பன்னீர் போனைக் காதில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "ஆமாங்க", "தப்புதாங்க" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. தம்பியே துண்டித்தான்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்க தம்பிய நான் பாக்கப் போறதே இல்லண்ணே. நீங்க தினம் பாக்கணும்."

சொல்லிவிட்டு அடுத்த பம்பை எடுத்து மேசையில் வைத்தார். செய்த வேலைக்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் நடந்ததை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று ஏதோ ஒரு குருட்டு எண்ணம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், சொல்லாமலே ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்பது புரிந்தது.

முப்பதாம் நாள் சங்கம் படகின் பெயரை எடுத்தது. அந்த இடத்துக்கு வந்த படகில்தான் இப்போது குமரன் கூலிக்கு எஞ்சின் பார்க்கிறான். அவனுடைய படகைக் கரையில் இழுத்துப் போட்டிருக்கிறோம். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், திருச்சியில் ஒரு விசரன் நாலு சோடியையும் கலந்து நாசமாக்கிவிட்டான் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். வீட்டில் எனக்கு முன்போலவே மரியாதை. இவ்வளவு தூரம் அலைந்து வந்த அண்ணனாயிற்றே. பல தடவை சொல்ல வாயெடுத்தேன். பன்னீர் வாங்கிக்கொண்ட ஏச்சு அத்தனையும் என் பக்கம் திரும்பும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் அடுத்த தீவுக்காரர் ஒருவர், அதே பழைய மாதிரிப் பம்ப் ஒன்றைச் சாக்கில் கட்டித் துறைக்குக் கொண்டுவந்தார். துவாக்குடிக்குப் போகிறாராம். அவருடைய படகுக்கும் மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பம்பை அவர் திறக்கவில்லை. சாக்கு டீசலில் ஊறி நாறியது. குமரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளிட்டை மட்டும் போகாதேங்கோ. எங்கட கதையைப் பாருங்கோ. வேணுமெண்டா அண்ணையைக் கேளுங்கோ" என்றான்.

அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்.